மேட்ரனுக்கு ஒரு வாரம் ஓய்வு

மடங்களைக் காலி பண்ணியது போதாதென்று ஒரு கன்னியாஸ்திரீயையே கல்யாணமும் செய்துகொண்டவர் மார்ட்டின் லூத்தர். அவர் பேரைச் சொல்லும் சபையில் ஏழு பெண்கள் சேர்ந்து மடம் நடத்தினால் ஊர் வாயை மூடிக்கொண்டு இருக்குமா? "அவர் கஷ்டப்பட்டுத் தொறந்துவிட்ட கதவை நீங்க போய் உள்பக்கமா தாழ் போடுறீங்களே" என்று அந்த மடத்தில் புதிதாகச் சேர்ந்த மேட்ரனின் அண்ணனே கேலி செய்தார். மேட்ரன் அதற்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை. ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக முப்பது வருடம் டாக்டர்களையே நடுங்க வைத்தவள்.

ஆனால் மடத்துக்கு வந்த அன்றைக்கே அவளுக்குப் பெரிய ஏமாற்றம். பட்டினி, பலகைக் கட்டில், குளிர்ந்த தரை என்று எதையெதையோ எதிர்பார்த்து வந்தாள். இங்கே என்னடாவென்றால் அடுக்குமாடியில் இரண்டாம் தளம், சோபா, வாஷிங் மெஷின். காலை ஜெபம் முடிந்ததும் ஆளாளுக்கு வேலைக்கு ஓடினார்கள். ஒருத்தி பஸ் ஓட்டினாள். மடத்தின் தலைவி பல் டாக்டர். ஏழு பேரில் வயதில் சின்னவள் அவள்தான், தலைவி என்பதால் பெரியக்கா. தன்னைவிட இருபது வயது சின்னவளைப் பெரியக்கா என்று கூப்பிட மேட்ரனுக்கு ஒரு மாதம் நாக்கு புரளவில்லை.

கஷ்டம் கிடைக்காவிட்டால் என்ன, வேலை இருக்கிறதே. மேட்ரன் அதில் விழுந்தாள். அப்புறம் மற்ற யாருக்கும் வேலை மிஞ்சவில்லை. குடித்த டம்ளரைக் கீழே வைப்பதற்குள் கழுவிக் கவிழ்த்திருப்பாள். பஸ் ஓட்டுபவள் தன் யூனிஃபார்மைத் தானே துவைக்க ஆசைப்பட்டு மெத்தைக்கு அடியில் ஒளித்து வைத்தாள். அதையும் மோப்பம் பிடித்து இஸ்திரி போட்டு வைத்துவிட்டாள் மேட்ரன். நற்கிரியையால் யாரும் கரையேற முடியாது, எல்லாம் கிருபை என்று நாலு வேளையும் பாடுகிற வீடு அது. மேட்ரனும் பாடினாள், பாத்திரம் தேய்த்துக்கொண்டே.

வருடம் ஒன்று ஓடிவிட்டது. அவளை ஆயுசுக்கும் சேர்த்துக்கொள்வதா வேண்டாமா என்று மற்ற ஆறு பேரும் கூடி முடிவு செய்ய வேண்டும். மேட்ரனுக்குப் போக்கிடம் இல்லாமல் இல்லை, அண்ணன் வீட்டில் ஒரு அறை காலியாகத்தான் கிடந்தது. ஆனாலும் அவளுக்கு இந்த ஆறு பேர்தான் வேண்டும். பாட்டில் சுருதியே சேராத இந்த ஆறு பேர். அதை அவள் யாரிடமும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

ஒரு திங்கட்கிழமை பெரியக்கா அவளைக் கூப்பிட்டாள்.

"மேட்ரன், ஞாயித்துக்கிழமை ஆராதனையில உங்களைப் பத்தின முடிவைச் சொல்றோம். அதுவரைக்கும் எந்த வேலையையும் தொடாதீங்க. சும்மா இருங்க."

"சும்மான்னா?"

"சும்மான்னா சும்மாதான்."

மேட்ரனுக்குப் புரிந்துவிட்டது. இது பரீட்சை. வேலை செய்யாமல் இருக்கத் தெரிந்தால்தான் சேர்த்துக்கொள்வார்கள். அவள் எந்தப் பரீட்சையிலும் கோட்டை விட்டதில்லை. சோபாவில் நிமிர்ந்து உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு, டியூட்டி பார்ப்பதுபோலச் சும்மா இருந்தாள். அவள் சும்மா இருந்த லட்சணத்தைப் பார்த்து மற்றவர்கள் அந்தப் பக்கம் போகவே பயந்தார்கள். யாராவது டீ கொண்டுவந்து கொடுத்தால் குற்றவாளி மாதிரி தலை குனிந்து குடித்தாள்.

மூன்று நாள் தாக்குப்பிடித்தாள். நாலாம் நாள் காலையில் அடிப்பிடித்த சூப் பாத்திரம் தொட்டியில் ஊறிக்கொண்டிருந்தது. மனுஷி எவ்வளவுதான் தாங்குவாள்? நாரை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துவிட்டாள். முதல் பஸ்ஸை எடுக்கக் கிளம்பியவள் தண்ணீர் குடிக்க வந்தபோது, மேட்ரன் முழங்கை வரை நுரையோடு கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள்.

"பெரியக்காகிட்ட சொல்லிடாதம்மா."

"சொல்லாம விடுவேனா? மானமே போச்சு மேட்ரன்" என்று சிரித்துக்கொண்டே அவள் பஸ்ஸுக்கு ஓடினாள். சிரித்தது மேட்ரனின் காதில் விழவே இல்லை.

மேட்ரன் பையைக் கட்டினாள். கிளினிக்குக்குப் போகச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பெரியக்காவுக்கு முன்னால் போய் நின்றாள்.

"நான் தோத்துட்டேன் பெரியக்கா. அண்ணன் வீட்டுக்கே போயிடறேன்."

"எதுல தோத்தீங்க?"

"பரீட்சையில. பாத்திரத்தைத் தொட்டுட்டேன்."

"என்ன பரீட்சை? போன வாரமே ஆறு பேரும் கை தூக்கியாச்சே! உங்க கால் வீங்கிக் கிடக்கு. ஞாயித்துக்கிழமை முழங்கால் போடணுமேன்னுதான் ஓய்வெடுக்கச் சொன்னேன்."

மேட்ரனுக்குச் சந்தோஷம் வரவில்லை, கோபம்தான் பொத்துக்கொண்டு வந்தது.

"அப்ப மூணு நாள் நான் முள்ளு மேல உக்காந்திருந்ததெல்லாம் வீணா?"

"வீண்தான்."

"வருஷம் பூரா உழைச்சேனே, அது?"

"அதையும் மீறித்தான் கை தூக்கினோம்."

"பின்ன எதுக்கு என்னை வெச்சுக்கிறீங்க?"

கிருபையைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவள்தான் பெரியக்கா. இப்போது மாட்டிய செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு ஒரே வரியில் முடித்தாள்.

"எதுக்கும் இல்ல மேட்ரன். நீங்க வேணும், அவ்வளவுதான்."

எத்தனையோ பேர் மேட்ரனை வேண்டுமென்று கூப்பிட்டிருக்கிறார்கள். ஊசி போட, கட்டுக் கட்ட, லீவு போட்டவளுக்குப் பதிலாக நிற்க. எதற்கும் இல்லாமல் இதுவரை ஒருத்தரும் கூப்பிட்டதில்லை. பையைக் கையில் பிடித்தபடியே அவள் தேம்பித் தேம்பி அழுதாள். பெரியக்கா தன் கைக்குட்டையை நீட்டினாள். துவைத்துத் தந்துவிடுகிறேன் என்று மேட்ரனுக்கு நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கிவிட்டு, கைக்குட்டையை வாங்கி மூக்கைச் சிந்தினாள்.