நந்தியாவட்டை ஒத்தடம்

விடிந்தும் விடியாத பனியில் நின்று நந்தியாவட்டைப் பூக்களைக் கிள்ளி மடியில் போட்டுக்கொண்டிருந்தாள் மாதம்மாள். உள்ளே அவள் புருஷன் பஞ்சாட்சரத்துக்கு மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. நாத்தனார் செல்லம்மா வாசலுக்கு வந்தாள்.

"இந்நேரத்துல பூ இன்னாத்துக்கு அண்ணி? கிட்ட வந்து குந்து."

"கண்ணுல வைக்கணும். நேரமாய்ட்ச்சி."

மூன்று வருஷமாக ஒரு நாள் தவறவில்லை. அவருடைய மூடிய இமைகள் மேல் பூவை வைப்பாள். கண் சூட்டில் சீக்கிரமே வாடிவிடும். வாடினால் எடுத்துவிட்டுப் புதுப்பூ வைப்பாள்.

எழுபத்தெட்டாம் வருஷம் புதூர்நாட்டுக்கு ஜீப்பில் வந்த கண் டாக்டரம்மா இந்தப் பூவைக் கேலி செய்யவில்லை. எரிச்சலும் சிவப்பும் இதில் தணியலாம், காலேஜில் சோதித்துப் பார்க்கிறார்கள் என்றாள். "ஆனா உன் புருஷனுக்குப் புரை. பூவால போகாது. ஆபரேஷன் பண்ணா பார்வை வரும்."

மாதம்மாளுக்குக் கத்தி என்றாலே குலை நடுங்கும். வெளியே சாமை மூட்டைமேல் உட்கார்ந்திருந்தவரிடம், "பூவே போதும்னுட்டாங்க" என்றாள். இருந்த கொஞ்சம் பார்வையும் அடுத்த வருஷம் போயிற்று. அந்தப் பொய்யோடுதான் தினமும் சோறு தின்றாள்.

இன்றும் இமைகள் மேல் பூவை வைத்தாள். கதவிடுக்கில் பனி நுழைந்து கட்டிலடியில் தேங்கியிருந்தது.

"கடுக்கா மரத்தடியில நம்ம செவலை மாடு நிக்கிது பாரு" என்றார் பஞ்சாட்சரம்.

செவலை செத்து எட்டு வருஷம்.

"ஆமாங்க, நிக்கிது" என்றவளுக்கு அதற்குமேல் தாங்கவில்லை. "ஏங்க, அந்த டாக்டரம்மா பூ போதும்னு சொல்லலீங்க. ஆபரேஷன் பண்ணச் சொன்னாங்க. நான்தான் மறைச்சிட்டேன்."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி அடங்கியது.

"தெரியும். ஜீப்பு கெளம்பறப்ப என்னாண்டயும் சொல்லிட்டுதான் போச்சு அந்தம்மா."

"அடப்பாவி மனுசா! அப்புறம் இன்னாத்துக்குப் போவாம வுட்டீங்க?"

"எனுக்கும் கத்தின்னா பயந்தான்."

அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. நெஞ்சில் ஏதோ இறங்கி லேசானது. அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் இழுப்பு நின்றது.

செல்லம்மா ஓவென்று அழுதாள். சனம் கூடியது. நெற்றியில் காசு வைக்க வந்த ஒருத்தி அவர் கண்ணிலிருந்த பூவை எடுக்கப் போனாள்.

"வுடு. வாடட்டும், நானே எடுக்கறேன்" என்றாள் மாதம்மாள்.

பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பனி விலகி வெயில் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. பூ வாடவில்லை.