பாத்துக்குவார்

வியர்வையில் நனைந்த சட்டையின் ஒரு கையைக் கழற்றியாயிற்று. இன்னொரு கைக்குள் மாட்டிக்கொண்டிருந்த அப்பாவின் முழங்கையை அவள் மெல்ல வெளியே எடுக்கும்போது, முக்காலி மேல் இருந்த அவருடைய போன் அடித்தது. பேக்கரிக்கார அக்கா.

"பாத்துக்குவார் இருக்காரா? தொட்டிக்கு அடியில குழாய் திரும்பவும் ஒழுகுதும்மா. நாளைக்கு வந்துருவாரா?"

"வரமாட்டாருக்கா. எந்திரிக்கவே முடியல."

"அச்சச்சோ. சரி, அவசரமில்ல. பக்கெட் வச்சு சமாளிச்சுக்கறேன். நல்லானதும் வரட்டும்."

நல்லாகாது என்பது அவளுக்கும் தெரியும், அம்மாவுக்கும் தெரியும். இனி வீட்டிலேயே வைத்துப் பாருங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பியதற்கு வேறு அர்த்தம் கிடையாது. தம்பி வெளியூரிலிருந்து வந்துகொண்டிருந்தான். அம்மா பாஸ்டரைக் கூட்டிவரப் போயிருந்தாள்.

அப்பாவுக்குக் குழாய் வேலை. எந்த வீட்டுக்குப் போனாலும் ஸ்பானரைத் திருகிக்கொண்டே அந்த வீட்டுக் கவலைகளுக்கும் காது கொடுப்பார். கேட்டு முடித்ததும், "கர்த்தர் பாத்துக்குவார்" என்பார். ஒருநாள் இந்த பேக்கரி அக்காதான் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "கவலையை அவர் பாத்துக்கட்டும்ணே, வாஷரை நீங்க பாருங்க" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து தெரு முழுக்க அவருக்கு அதுவே பெயர். அப்பாவும் கூப்பிட்டால் சந்தோஷமாகத் திரும்பிப் பார்ப்பார்.

ஊருக்கு அது வேடிக்கை. அவளுக்கு எரிச்சல். கூரை சரிந்தபோது பாத்துக்குவார். தம்பிக்குக் கல்லூரியில் இடம் கிடைத்து, எல்லோரும் பணத்துக்குக் கையைப் பிசைந்துகொண்டு நின்றபோதும் பாத்துக்குவார். அம்மாவின் கண் ஆபரேஷனுக்கும் அதே பல்லவி. துணி ஆலையின் வெட்டும் பிரிவில் சேர்ந்து, பெரிய கத்தரியைப் பிடித்துப் பிடித்துக் கட்டைவிரலடி காய்த்துப் போகும்வரை அதையெல்லாம் பார்த்துக்கொண்டது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் அப்பா சாட்சி சொல்ல எழுந்து, கர்த்தர் எங்க கூரையைக் கட்டிக் கொடுத்தார் என்று கண் கலங்குவார். பின்வரிசையில் உட்கார்ந்திருப்பவளுக்கு வயிறு எரியும். யாராவது கேட்டால் சொல்ல ஒரே ஒரு சொல்லை நாக்கு நுனியில் தயாராக வைத்திருந்தாள்.

உலர்ந்த சட்டையைப் போட்டுவிட்டதும் அப்பா கண்ணைத் திறந்தார். அவர் கை விரிப்பின் மேல் எதையோ தேடித் தடவியது.

"என்னப்பா? தண்ணி வேணுமா?"

இல்லை என்று தலையசைத்தார். "பயமா இருக்கும்மா."

அந்தச் சொல்லை அவர் வாயால் அவள் கேட்டதே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கைவிடமாட்டேன்னு சொல்லியிருக்காரு. ஊரெல்லாம் போய் அதத்தான் சொன்னேன்." மூச்சு வாங்கிக்கொண்டார். "இப்ப தேடறேன். ஒரு கையும் தட்டுப்படலையே."

அம்மா இருந்திருந்தால் ஜெபம் பண்ணியிருப்பாள். பாஸ்டர் என்றால் வசனம் சொல்லியிருப்பார். அவளுக்கும் வசனமெல்லாம் மனப்பாடம்தான். ஆனால் ஒப்புக்குச் சொன்னால் அப்பா கண்டுபிடித்துவிடுவார். என்ன செய்வதென்று தெரியாமல், தேடிக்கொண்டிருந்த அந்தக் கைக்குள் தன் வலக்கையை வைத்தாள்.

இறுக்கமாகப் பிடித்துக்கொண்டார்.

"நெசமாச் சொல்லும்மா. அந்தக் கூரை, தம்பி படிப்பு, அம்மா கண்ணு... எல்லாத்தையும் யாரு பாத்துக்கிட்டா?"

எத்தனையோ வருஷமாக அவள் காத்திருந்த கேள்வி. பதிலும் இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் முகத்தைப் பார்த்தாள். ரிசல்ட் சொல்லப் போகிறவர் வாயைப் பார்ப்பதுபோல அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஐயோ, இந்த மனுஷனைப் பயத்தோடு அனுப்ப முடியாது என்று அவள் நெஞ்சு அடித்துக்கொண்டது.

"அவர்தாம்ப்பா," என்றாள்.

சொல்லிவிட்ட பிறகு அது பொய்யாகத் தோன்றவில்லை. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது.

குழாயில் மரை தேய்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பாரே, அப்படி அப்பா அவளுடைய கட்டைவிரலடியைத் தடவினார். ஒரு தரம், இன்னொரு தரம். உதட்டோரம் லேசாகக் கோணியது. கேலி செய்யும்போது வரும் கோணல்.

"அவர் கை இப்படிக் காய்ச்சுப் போயிருக்கும்னு நான் நெனச்சதே இல்லம்மா."

அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்க இடக்கைதான் மிச்சமிருந்தது.

"வலிக்குதா?"

"இல்லப்பா."

நல்லது என்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சு விட்டு விட்டு வந்தது. ஜன்னல் வெயில் கட்டில் காலிலிருந்து ஸ்பானர் பைக்கு நகர்ந்தது. அதற்குப் பிறகு ஒரு மூச்சு வந்தது. அடுத்ததற்காக அவள் காத்திருந்தாள். வரவில்லை.

எவ்வளவு நேரம் அப்படியே இருந்தாளோ, போன் மறுபடி அடித்தது. இடக்கையால் எட்டி எடுத்தாள்.

"எப்படிம்மா இருக்காரு? மனசு கேக்கல, அதான்..."

"போயிட்டாருக்கா. இப்பத்தான்."

அந்தப் பக்கம் பக்கெட்டில் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அக்கா உடைந்து அழுதாள். "ஐயோ, தங்கமான மனுஷன். உங்கம்மாவ இனிமே யாரும்மா பாத்துக்குவா?"

நான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"பாத்துக்குவாருக்கா," என்றாள்.

வாசலில் கேட் திறந்தது. அம்மாவின் செருப்புச் சத்தமும், பின்னாலேயே பாஸ்டரின் குரலும் கேட்டன. எழுந்து ஓடிப்போய் அம்மாவைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். எழப் பார்த்தாள். அப்பாவின் பிடி எப்போதோ தளர்ந்துவிட்டிருந்தது. அவள்தான் கையை விடவில்லை.