அயர்லாந்து மந்திரியின் சிபாரிசு

வானதி அயர்லாந்தில் நர்ஸ். அங்கே தேர்தல் வந்ததும் அவள் வாசலில் ஓட்டுக் கேட்டு நின்றார் டோனல் கீரி. முப்பத்தாறு வருஷமாக எம்.பி.; விவசாயம், மீன்வளம் உட்பட நான்கு இலாகாக்களுக்கு மந்திரியாக இருந்தவர். அந்த நேரம் நன்னிலத்திலிருந்து வீடியோ காலில் இருந்த அவள் அம்மா மங்கையர்க்கரசி சும்மா இருப்பாளா?

"போனை அவருகிட்ட காட்டுடி. ஐயா, எங்க வாய்க்காலை ஆகாயத்தாமரை அடைச்சுக்கிச்சு. நாத்தங்கால் காயுதுங்க. மூணு மனு கொடுத்தும் ஒருத்தரும் வரலை."

வானதி தலையில் அடித்துக்கொண்டே மொழிபெயர்த்தாள். மனுஷன் சிரிக்கவில்லை, குறித்துக்கொண்டார். பின்னே, முப்பத்தாறு வருஷம் சும்மாவா ஜெயித்திருப்பார்? மூன்றாம் நாள் அவருடைய கடிதத்தை வானதி வாட்ஸ்அப்பில் அனுப்பினாள். மேலே பாராளுமன்ற முத்திரை. கீழே, 'தங்கள் வாய்க்காலைச் சீக்கிரம் தூர்வார வேண்டுமென உரியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.'

மங்கை அதைக் கலர் பிரிண்ட் எடுத்துக்கொண்டு பாசன அலுவலகம் போனாள். அதிகாரி எழுந்து நின்று படித்தாராம். கூடப் போன பக்கத்து வீட்டுத் தங்கமணி சொன்னது. மறுநாளே பொக்லைன் இறங்கியது. சாயங்காலம் நாற்றங்காலில் தண்ணீர்.

அன்றைக்கே நம் எம்.எல்.ஏ. போன் செய்தார். "அக்கா, அந்தாளு எந்தக் கட்சிங்க?"

"கட்சியெல்லாம் கேக்கலை தம்பி. அடுத்த தடவை இங்க வந்து நிக்கிறீங்களான்னுதான் கேட்டிருக்கேன். யோசிச்சுச் சொல்றேன்னிருக்காரு."