சின்னவன் பங்கு

இறந்துபோன அப்பாவைக் குளிப்பாட்ட வெந்நீர் வேண்டும் என்றார்கள். கொல்லையில் முதலில் கண்ணில் பட்ட அண்டாவைத் தண்ணீரோடு அப்படியே அடுப்பில் ஏற்றிவிட்டான் சின்னவன். தளதளவென்று கொதித்ததும், பெரிய காரியத்தைச் சாதித்தவன்போலக் கையைத் தட்டிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான். அடியில் விதைகள் குதித்துக்கொண்டிருந்தன.

மூன்றாவது தடவையாக நாற்றுக்கு ஊறப்போட்ட மர விதைகள். நாற்றுப் பண்ணைக்காரரின் மகனாகப் பிறந்து, விதையை வேகவைத்த ஆள் உலகத்திலேயே தான் ஒருவனாகத்தான் இருக்கும் என்று அவனுக்குத் தோன்றியது.

பெரியவன் வந்து பார்த்தான். கன்னத்தில் ஓர் அறை, நெஞ்சில் ஒரு குத்து. சின்னவன் நாற்றுத் தட்டுகளின் மேல் மல்லாக்க விழுந்தான். தட்டுகள் சரிந்து மண் கொட்டியது. பெரியவன் மேலே ஏறி உட்கார்ந்து கழுத்தைப் பிடித்தான்.

"ஒவ்வொண்ணா அரத்துல தேச்சேன்டா. விரல்ல தோலே இல்ல."

"விடுண்ணே. வெந்நீர் ஒருத்தருக்குத்தான் இருக்கு."

அதற்கும் ஓர் அறை விழுந்தது. அத்தை ஓடிவந்து பெரியவனின் முடியைப் பிடித்து இழுத்தாள்.

"அப்படியே அப்பன். அவன் இன்னும் வீட்டை விட்டே போகல, அதுக்குள்ள நீ ஆரம்பிச்சுட்டியா?"

பெரியவனின் கை அந்தரத்தில் நின்றது. எழுந்துபோய்விட்டான்.

சின்னவன் வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. அந்த வீட்டில் அவன் வாங்கிய முதல் அடி அதுதான். அம்மாவின் முன்பல், பெரியவனின் இடது காது என்று அப்பாவின் கை போகாத இடம் கிடையாது. சின்னவன் மேல் மட்டும் பட்டதில்லை. 'நான் செல்லப்பிள்ளை' என்பான் சிநேகிதர்களிடம். 'அடிக்கக்கூட லாயக்கில்லைன்னு விட்டுட்டார்' என்று அவனே முந்திக்கொண்டு சிரிப்பான். இன்று அந்தச் சிரிப்பு உதவவில்லை. தன்மேல் பிரியம் வைத்தவர் போயிருக்கிறார் என்றால் அழ வேண்டும். அடிக்காமல் விட்டது பிரியத்தாலா என்று தெரியாமல் எப்படி அழுவது?

அத்தையிடம் கேட்டான். "போனவனைப் பத்தி இப்ப எதுக்கு" என்றாள். அம்மாவிடம் கேட்டான். அவள் அப்பாவின் கால்மாட்டில் உட்கார்ந்தபடி, "முகத்தைக் கழுவு, ரத்தம்" என்றாள்.

கொல்லையில் பெரியவன் கொட்டிக்கிடந்த மண்ணைத் துழாவி, உயிருள்ளவற்றைப் பொறுக்கிக்கொண்டிருந்தான். சில விதைகளின் ஓடு அப்போதுதான் வெடித்திருந்தது. பிளவு வழியே வெள்ளை வேர் ஆணிபோல வெளியே குத்திக்கொண்டு நின்றது. சில இன்னும் கொஞ்சம் முந்தியவை. வேரை மண்ணில் ஊன்றிக்கொண்டு, தண்டை வளைத்து, தலை குனிந்து, முதுகாலேயே மண்ணை முட்டித் திறந்தவை. வெளிச்சம் பட்ட பிறகுதான் அவை நிமிரும்.

பெரியவனும் அப்படித்தான் குனிந்து உட்கார்ந்திருந்தான்.

விதையின் ஓட்டை அரத்தில் தேய்த்தால்தான் தண்ணீர் உள்ளே இறங்கும். ஆனால் வேர் வரும் முனையைத் தேய்க்கக் கூடாது. கரு அங்கேதான் படுத்திருக்கும். அப்பா அதில் படு ஜாக்கிரதை. விதையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் அரத்தையே தொடுவார். காதில் அறையும்போது மட்டும் எந்தப் பக்கம் என்று பார்த்ததில்லை.

சின்னவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தான்.

"அண்ணே, என்னை மட்டும் அவர் ஏன் அடிக்கல?"

பதில் இல்லை. செவிட்டுக் காதுப் பக்கம் உட்கார்ந்திருப்பது அப்புறம்தான் உறைத்தது. எழுந்து, சுற்றிப்போய், வலப்பக்கம் உட்கார்ந்து மறுபடி கேட்டான்.

பெரியவன் ஒரு முளையை விரல்நுனியில் வைத்து மண்ணை ஊதினான்.

"பிரியம்னு நினைச்சியா?"

"நினைச்சேன்."

"நீ அப்ப நடக்கப் பழகுற வயசு. நாற்றை மிதிச்சுட்டே. காலைப் பிடிச்சுத் தூக்கிச் சுவத்துல அடிக்கப் போனார். அவன் பங்கையும் எனக்கே குடுத்துடுங்கன்னேன். சரின்னார்." முளையைத் தட்டின் குழியில் இறக்கினான். "சொன்ன சொல் தவறல. எனக்கு ஒண்ணு குடுப்பார். அப்புறம், 'இது சின்னவனுக்கு'ன்னு சொல்லிட்டு இன்னொண்ணு."

மண் அப்பிய விரலால் இடது காதைத் தொட்டான்.

"இது உன்னோடது."