துக்க வீட்டு விலாசம்

"அந்தச் சந்து வேண்டாம்ப்பா, இப்படிக் கடல் பக்கமா போவோம். காத்து வரும்" என்று சொல்லி பால்மா அப்பாவின் முழங்கையைப் பிடித்துத் திருப்பினாள்.

ஒரோன்ஸோ திரும்பினார். ஆயுள் முழுக்கத் துறைமுகத்து ஆண்களின் தலைகளைத் தன் இஷ்டத்துக்கு இப்படியும் அப்படியும் திருப்பிய முடிதிருத்துபவர், இப்போது மகள் திருப்பிய பக்கம் திரும்பி நடந்தார். அவர் வீடு அந்தச் சந்தில்தான் இருந்தது. சுவரில் ஈரம் ஏறிவிட்டது, பூசி முடிக்கிறவரை அக்கா வீட்டில் இருங்கள் என்று மகன் ரோக்கோ வசந்த காலத்திலேயே அவரை ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், பால்மாவின் நாலாவது மாடிக்கு அனுப்பிவிட்டான். பூச்சு வேலை ஒரு வாரத்தில் முடிந்தது. ஈஸ்டரிலிருந்து அந்த வீட்டில் வாரத்துக்கு ஒரு ஜோடி என்று வெளிநாட்டுக்காரர்கள் வந்து தங்கிப் போனார்கள். பால்மாவுக்கு எல்லாம் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. வாடகையில் அவளுக்கும் ஒரு பங்கு வந்தது. அதில்தான் தன் மகளின் பல்லுக்குக் கம்பி போட்டிருந்தாள்.

ஊரைச் சுற்றிப் பார்க்க வேண்டும் என்று காலையில் அவர்தான் கேட்டார். பிறந்து வளர்ந்த ஊரில் என்னத்தைச் சுற்றிப் பார்ப்பது என்று பால்மா சொல்லிப் பார்த்தாள். அவர் கேட்கவில்லை. கல்யாணங்களுக்குப் போடுகிற வெள்ளைக் கோட்டைப் போட்டு, வைக்கோல் தொப்பியை வைத்துக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிட்டார்.

அவசரமே இல்லாமல் நடந்தார். கோட்டைக்குள் போய் ஒவ்வொரு பீரங்கியாகத் தடவிப் பார்த்தார். அது சிறைச்சாலையாக இருந்த காலத்தில் கைதிகளுக்கு மொட்டை போடத்தான் முதல்முதலில் கத்தி பிடித்தாராம். எதிரே வந்த ஜெர்மன்காரர்களிடம் அதைக் கையாலேயே நடித்துக் காட்டினார். அவர்கள் அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். பேராலயத்தில் மெழுகுவத்தி ஏற்றினார். மீன் சந்தை வாசலில் வறுத்த கணவாயைக் காகிதக் கூம்பில் வாங்கிக்கொண்டு, எண்ணெய் வழிய வழிய நடந்துகொண்டே தின்றார். இந்த ஊரில் பிறந்த எவனும் நடந்துகொண்டு தின்னமாட்டான். பால்மாவுக்கு மானம் போயிற்று.

படகுத் துறையில் வலை உலர்த்திக்கொண்டிருந்த அவருடைய பழைய வாடிக்கைக்காரர்கள் சும்மா விடுவார்களா? எந்தக் கப்பலில் வந்து இறங்கினாய் என்று ஒருவர் வாயைக் கிளறினார்.

"ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் ரூம் போட்டிருக்கேன்" என்றார் ஒரோன்ஸோ. "கடல் தெரியாது. ஆனா கவனிப்பு பிரமாதம். அந்தப் பொண்ணு மூணு வேளையும் சூடா போடுது."

எல்லோரும் சிரித்தார்கள். 'அந்தப் பொண்ணு' மட்டும் சிரிக்கவில்லை. இவருக்குத் தெரிந்துவிட்டதா, அல்லது வழக்கமான குறும்பா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

நீலப் படகுகளுக்கு எதிரே இருந்த கல் பலகையில் உட்கார்ந்தார்கள். அவர் கைக்குட்டையால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார்.

"சுவத்து ஈரம் காஞ்சுடுச்சா?"

"காஞ்சுட்டிருக்குப்பா."

"அவங்க எந்தக் கட்டில்ல படுக்கறாங்க? உங்கம்மா உயிர் போன கட்டில்தானா, இல்ல அதையும் மாத்திட்டானா?"

பால்மா படகுகளைப் பார்த்தாள். அவர் குரலில் கோபம் இருந்திருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டாவது தப்பித்திருக்கலாம்.

"இந்த ஊர்ல செத்தவனுக்கெல்லாம் கடைசிச் சவரம் நான்தான் பண்ணினேன். ஒவ்வொருத்தனும் அவனவன் கட்டில்லதான் கிடந்தான். பொண்டாட்டி ஒதுக்கி வச்சவன்கூட. எனக்கு வாடகையும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். அந்த ஒரு நாளைக்கு மட்டும் கதவத் தொறந்து விடுங்க."

"சரிப்பா" என்றாள். அதற்கு மேல் அங்கே உட்கார முடியவில்லை. பாதாம் பால் ஊற்றின குளிர்ந்த காபி வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனாள்.

காபிக் கடையில் கூட்டம். வரிசையில் நிற்கும்போது முடிவு பண்ணிவிட்டாள். இன்றைக்கே ரோக்கோவிடம் பேச வேண்டும், இந்த ஜோடி போனதும் அப்பாவை வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். பல்லாவது கில்லாவது. முடிவு பண்ணினதில் மனசு கொஞ்சம் லேசாகக்கூட ஆயிற்று. இரண்டு கிளாஸ்களோடு திரும்பி வந்தபோது அவர் அப்படியேதான் உட்கார்ந்திருந்தார். தொப்பி மட்டும் மடியில் விழுந்திருந்தது. அதை எடுத்துத் தலையில் வைக்கப் போனவள், நெற்றியில் கை பட்டதும் நின்றுவிட்டாள்.

வலைக்காரர்கள் ஓடி வந்தார்கள். ஒரே பார்வையில் அவர்களுக்கு விளங்கிவிட்டது. தெருவில் செத்தவனை டாக்டரும் போலீசும் வந்து சவக்கிடங்குக்குத்தான் கொண்டுபோவார்கள். மயங்கினவனை யாரும் வீட்டுக்குத் தூக்கிப் போகலாம். அதனால் அந்த ஊர் ஆட்கள் எப்போதும் செய்கிறதைச் செய்தார்கள். "வெயில்ல மயக்கம், வேற ஒண்ணுமில்ல" என்று வேடிக்கை பார்த்தவர்களிடம் உரக்கச் சொன்னார்கள். காபிக் கடையிலிருந்து கைவைத்த நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து அவரை அதில் உட்காரவைத்து, தொப்பியை மாட்டி, நாலு பேராகத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். எந்த வீட்டுக்கு என்று அவர்கள் கேட்கவே இல்லை. ஒரோன்ஸோவுக்கு எத்தனை வீடு?

காலையிலிருந்து அவள் பார்த்துப் பார்த்துத் தவிர்த்த சந்துக்குள் நாற்காலி போயிற்று.

கதவுக்குப் புதுப் பச்சைச் சாயம். சாவித் துவாரம் இருந்த இடத்தில் எண்களைத் தட்டித் திறக்கிற சின்னப் பெட்டி ஒன்று இருந்தது. உள்ளே தங்கியிருந்தவர்கள் வெளியே போயிருந்தார்கள். எதிர்வீட்டு நுன்ஸியா மார்பில் சிலுவை போட்டுக்கொண்டு வெளியே வந்தாள். நாற்காலியைத் தூக்கியிருந்தவர்கள் பால்மாவைப் பார்த்தார்கள். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு ரோக்கோவுக்குப் போன் போட்டாள்.

செய்தி கேட்டதும் அவன் அழுதான். பொய்யான அழுகை இல்லை அது. கதவைத் திறக்கிற எண்ணைக் கேட்டதும் அழுகை நின்றது.

"அக்கா, உள்ள அவங்க சாமான் இருக்கு. சனிக்கிழம வரைக்கும் அது அவங்க வீடு. அந்தக் கட்டில்ல எப்படிக் கொண்டுபோய்ப் போடறது?"

"அது அவர் கட்டில்டா."

"பல்லுக்குக் கம்பி போடும்போது அது யார் கட்டில்னு நீ கேட்டியா?"

போனை வைத்துவிட்டாள். ஜன்னல் கண்ணாடி கைக்கு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது. உடை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வலைக்காரர்கள் முழங்கையாலேயே உடைத்திருப்பார்கள். என் வீட்டுக்கு வாருங்கள் என்று நுன்ஸியாவும் கதவை அகலத் திறந்தாள். பால்மா எதற்கும் பதில் சொல்லாமல் நின்றாள். காபிக் கடைக்காரன் நல்லது செய்வதாக நினைத்துக் கூப்பிட்டிருந்த ஆம்புலன்ஸ் சந்து முனைக்கு வந்துவிட்டது. டாக்டர் நாற்காலியிலேயே நாடி பார்த்து, எல்லோரையும் ஒரு முறை பார்த்தார். அதற்கப்புறம் மயக்கம் என்று யாரும் சொல்லவில்லை.

நெடுஞ்சாலை ஓரத்தில், டயர் கடைக்குப் பக்கத்தில், சவப்பெட்டிக்காரர்கள் நடத்துகிற குளிர்சாதனக் கூடத்தில் அவரைக் கிடத்தினார்கள். முன்பின் தெரியாத ஒருவன் சவரம் பண்ணியிருந்தான். கிருதா ஒரு பக்கம் ஏறியும் ஒரு பக்கம் இறங்கியும் இருந்தது. பால்மா அதைப் பார்த்துத்தான் முதல் தடவை அழுதாள். அவள் அழுதது அப்பாவுக்காக மட்டும் இல்லை, தன்மேல் வந்த அருவருப்பாலும்தான்.

மறுநாள் அடக்கத்துக்கு முன்பே ஊர்ச் சுவர்களில் மரண அறிவிப்பு ஒட்டியாகிவிட்டது. அதில் போடவேண்டிய குடும்பத்தார் பெயர்களை ரோக்கோ சொல்லியிருந்தான். கீழே துக்க வீட்டு விலாசத்தை அச்சகக்காரரே தாமாகப் போட்டுவிட்டார். முடிதிருத்தும் ஒரோன்ஸோவின் விலாசத்தை யாராவது கேட்டு எழுதுவார்களா? பழைய சந்து, பழைய கதவு எண். ரோக்கோ அச்சகத்துக்குப் போன் போட்டுக் கத்தினான். ஒட்டினது ஒட்டினதுதான்.

அடக்கம் முடிந்து நாலாவது மாடிக்கு வந்ததும் பால்மா நாற்காலிகளைச் சுவரோரமாக வரிசையாகப் போட்டாள். துக்க வீட்டில் அடுப்பு மூட்டக்கூடாது. அக்கம்பக்கமும் உறவும் முறை வைத்துச் சாப்பாடு கொண்டுவந்து, உட்கார்ந்து, அழுது, ஊட்டிவிட்டுப் போவார்கள். அவளும் எத்தனையோ வீடுகளுக்குப் பாத்திரம் சுமந்திருக்கிறாள். நேற்றுக் காலையிலிருந்து அவள் வயிற்றில் ஒன்றுமில்லை. ஒருவரும் வரவில்லை. ரோக்கோ கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துவிட்டு, பெண்டாட்டிக்குத் தலைவலி என்று கிளம்பினான். மகள் பிஸ்கெட் பொட்டலத்தைப் பிரித்தாள்.

பொழுது சாய்கிற நேரத்தில் பால்மா கறுப்பு உடையோடு சந்துக்குப் போனாள். காலிப் பாத்திரத்தோடு எதிரே வந்த நுன்ஸியாவிடம், எங்களை அடியோடு மறந்துவிட்டீர்களே என்றாள்.

"மறப்பேனா? காலையிலேயே கோழி வேக வச்சேன். துக்க வீட்டுக்குக் கொண்டுபோய் குடுத்துட்டுத்தான் வரேன்."

"என் வீட்டுக்கு யாருமே வரலையே."

"உன் வீட்டுக்கு எதுக்கு வரணும்? அதுவா அவர் வீடு?" என்றாள் நுன்ஸியா. துக்கம் விசாரிக்கிற முத்தம்கூடத் தராமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பச்சைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே மேஜை நிறையப் பாத்திரங்கள் இருந்தன. சூப், வேகவைத்த கறி, துணி சுற்றின ரொட்டி, பிளாஸ்கில் காபி. வெயிலில் மூக்கு சிவந்த ஒரு டென்மார்க் ஜோடி நடுவில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கறுப்பு உடையில் வாசலில் நின்றவளைப் பார்த்ததும் அந்தப் பெண் எழுந்து வந்து, இதற்குள் பழகிவிட்ட மாதிரி, அவளுடைய இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டாள். கைப்பேசியில் எதையோ சொல்ல, அது பால்மாவின் மொழியில் பேசியது. மத்தியானத்திலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருக்கிறார்களாம். கட்டிப் பிடித்துச் சாப்பாடு கொடுக்கிறார்களாம். சிலர் அழவே செய்கிறார்களாம். இவ்வளவு அன்பான ஊரை அவர்கள் எங்கேயும் பார்த்ததில்லையாம்.

அந்தப் பெண் நாற்காலியை இழுத்துப் போட்டாள். பால்மா உட்கார்ந்தாள். அங்கிருந்து படுக்கையறை தெரிந்தது. அதே கட்டில்தான். தலைமாட்டுக் கம்பியில் ஒரு ஈர நீச்சலுடை காய்ந்துகொண்டிருந்தது.

ஒரு தட்டு நிறைய சூப் வந்தது. பசி கண்ணை மறைத்தது. அவள் குடிக்கத் தொடங்கியதும் அந்த ஆள் கைப்பேசியை அவள் பக்கம் நீட்டி, நீங்களும் இந்தச் சந்துதானா என்று கேட்டான்.

"இல்லைங்க" என்றாள் பால்மா. "ரயில் பாதைக்கு அந்தப் பக்கம்."

அவன் தலையாட்டிவிட்டு ரொட்டியில் ஒரு துண்டு வெட்டி அவள் தட்டோரம் வைத்தான். அவள் நன்றி சொல்லி எடுத்துக்கொண்டாள்.