தண்ணீர் ஊற்ற ஏறிய எண்

சென்ட் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் வேலை பார்த்தவளை எல்லாரும் சோடாபுட்டி என்றுதான் கூப்பிட்டார்கள். மூக்குக்கண்ணாடி அவ்வளவு தடிமன். அந்தப் பட்டத்தைக் கட்டியதே அக்கா புருஷன்தான். அதே கம்பெனியில் அவர் ஸ்டோர் கீப்பர். கொழுந்தியாளைக் கிண்டல் பண்ணாவிட்டால் அவருக்குச் சாப்பிட்டது செரிக்காது.

அன்று காலை இரண்டு சின்னப் பாட்டில்களோடு வந்து நின்றவர் முகத்தில் ஈயாடவில்லை.

"கூரை ஒழுகி ரெண்டு டிரம் லேபிளும் ஊறிப்போச்சும்மா. ஒண்ணு சென்ட்டுக்குப் போடற சுத்த ஸ்பிரிட். இன்னொண்ணு பாதிக்குப் பாதி தண்ணி, மெஷின் கழுவறதுக்கு. மோந்து பார்க்கலாம்னா சளி வேற. எது எதுன்னு சொல்லேன்."

"இதுக்குப் போயா இப்படி முழிக்கிறீங்க அத்தான்?"

முதல் பாட்டிலிலிருந்து ஒரு சொட்டை எடுத்து ரிஃப்ராக்டோமீட்டரின் கண்ணாடியில் விட்டாள். திரவத்துக்குள் போகும் ஒளி எவ்வளவு வளைகிறது என்று எண்ணாகச் சொல்லும் கருவி அது. சுத்த ஸ்பிரிட்டின் எண் அவளுக்கு மனப்பாடம். அச்சுப் பிசகாமல் அதே எண் வந்தது.

"இதுதான் சுத்தம். இந்த டிரம்மை எடுத்துக்குங்க."

இரண்டாவது பாட்டிலை அவள் திறக்கவே இல்லை.

மத்தியானம் கலவைக்கூடத்தில் ஒரே கூச்சல். வாசனை எண்ணெயை ஊற்றிய தொட்டி முழுக்கப் பால் போல வெளுத்துக் கிடந்தது. மேனேஜர் ஸ்டோர் கீப்பரைப் பிடித்து உலுக்கிக்கொண்டிருந்தார். "தண்ணி டிரம்மைத் தூக்கி ஊத்தியிருக்கீங்க. கண்ணு எங்க போச்சு?" யாரைக் கேட்டு ஊற்றினேன் என்று அத்தான் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

அவளுக்குச் சுருக்கென்றது.

"நான்தான் சார் சோதிச்சுச் சொன்னேன். அவர் மேல தப்பில்ல."

"மெஷின்ல பார்த்தீங்களா?"

"பார்த்தேன் சார். ஆனா எங்கயோ இடிக்குது. கொஞ்ச நேரம் குடுங்க."

திரும்பி வந்து இரண்டாவது பாட்டிலைத் திறந்தாள். ஒரு சொட்டு. அதே எண்! துடைத்துவிட்டு மறுபடி பார்த்தாள். அதேதான். இரண்டையும் ஒரே அளவு எடுத்துத் தராசில் வைத்தால், முதலாவது நன்றாகவே கனத்தது. ஆக, ஸ்பிரிட்டைவிடக் கனமான தண்ணீர் கலந்தது அதுதான். அத்தோடு விட்டிருக்கலாம். அவளால் முடியவில்லை. தண்ணீரின் எண் ஸ்பிரிட்டின் எண்ணைவிடக் குறைவு. பாதி தண்ணீர் கலந்தது எப்படி எண்ணில் இறங்காமல் நிற்கும்?

இரண்டிலும் இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டுப் பார்த்தாள். முதலாவதில் எண் இறங்கியது. சரி. இரண்டாவதில், அதாவது சுத்த ஸ்பிரிட்டில், எண் ஏறியது. அவள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டாள். இன்னும் கொஞ்சம் தண்ணீர் விட்டாள். இன்னும் ஏறியது. விட்டுக்கொண்டே போனபோது ஓரிடத்தில் தயங்கி, பிறகு மெல்ல இறங்கத் தொடங்கி, பாதிக்குப் பாதி ஆனபோது புறப்பட்ட இடத்துக்கே வந்து நின்றது.

"என்ன, தனியா சிரிக்கிற?" வாசலில் அத்தான்.

"இங்க வாங்க, இதைப் பிடிங்க." அளவுக் குழாயில் ஒரு பங்கு தண்ணீரும் அதே அளவு ஸ்பிரிட்டும் ஊற்றிக் குலுக்கி அவர் கையில் கொடுத்தாள்.

"ஏய், சுடுது! அடுப்புல வச்சியா?"

"வைக்கல. அளவைப் பாருங்க."

குனிந்து பார்த்தார். இரண்டு பங்கும் சேர்ந்து எட்டவேண்டிய கோட்டைத் திரவம் தொடவில்லை. மேஜையையும் தரையையும் தடவினார். "சிந்தவும் இல்லையே. மிச்சம் எங்க?"

"எங்கயும் போகல அத்தான். தண்ணி மூலக்கூறும் ஸ்பிரிட் மூலக்கூறும் ஒண்ணையொண்ணு இழுத்துப் பிடிச்சு நெருக்கியடிச்சு உட்காந்துக்குது. அந்த இழுப்புலதான் சூடு வருது. நெருக்கத்துல ஒளி இன்னும் வளையுது, எண் ஏறுது. தண்ணி ரொம்பப் போனா அதோட குணம் ஓங்கிடும், எண் இறங்கிடும். அதான் ஒரே எண் ரெண்டு இடத்துல வருது. நான் ஒரு இடத்தை மட்டும் நம்பிட்டேன்."

"அப்போ தொட்டி?"

"தண்ணி அதிகமானதால எண்ணெய் கரையாம நிக்குது. சுத்த ஸ்பிரிட்டைச் சேர்த்தா தெளியணும்."

முதலில் ஒரு குடுவையில் செய்து காட்டினாள். பால் நிறம் கலைந்து பளிங்காகத் தெளிந்தது. மேனேஜர் குடுவையை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். "வாசனை லேசாத்தான் இருக்கும். பரவால்ல, லேசான ரகம்னே விப்போம். இனிமே எதையும் தராசுலயும் போட்டுப் பாருங்க."

"சரி சார்."

தொட்டி தெளிந்ததும் அத்தானுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அவளோடு சோதனைக்கூடம் வரை வந்தார்.

"ஏன் அத்தான், மேனேஜர்கிட்ட என்னைச் சொல்லல?"

"சொல்லிட்டு வீட்டுக்குப் போனா உங்க அக்கா சோறு போடுவாளா?" என்றவர் போகாமல் அங்கேயே நின்றார். அளவுக் குழாயை இன்னும் கீழே வைக்கவில்லை. "ஏம்மா, எண்ணெயோட எண்ணெய் கலந்தாலும் இப்படிச் சுருங்குமா?"

அவளுக்கும் தெரியவில்லை. அலமாரியிலிருந்து இரண்டு எண்ணெய்ப் பாட்டில்களை இறக்கினாள். அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.