எட்டாம் மாதத் தலையணை

மோல்திர் என் தையலறைக்குள் நுழைந்தபோது அவள் வயிறு இடது இடுப்பில் இருந்தது. பேருந்தில் கூட்டம் நெருக்கியிருக்கும், அவளுக்குத் தெரியவில்லை. கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, பிள்ளைத்தாய்ச்சிகள் வைப்பது போல நடுவில் கை வைத்து நின்றாள். கை ஓரிடம், வயிறு ஓரிடம்.

"கையை நகத்தும்மா. உன் பிள்ளை அங்க இல்ல, இந்தப் பக்கம் போயிருச்சு," என்றேன்.

அறையே குலுங்கிச் சிரித்தது. அவளும் சிரிக்கப் பார்த்தாள், முடியாமல் அழுதுவிட்டாள். அப்புறம்தான் எனக்கு உறைத்தது. என் வாய் அப்படி. நாற்பத்தாறு வயதில் இனி வேறு வாய்க்கு எங்கே போவேன்?

சனிக்கிழமை மதியம் என் வீட்டில் கூடுகிறவர்கள் பதினோரு தாய்மார், ஒரு தகப்பன். எல்லோரும் தாங்கள் பெறாத பிள்ளைகளை வளர்க்கிறவர்கள். சிலர் தத்தெடுத்தவர்கள், சிலர் காப்பகத்திலிருந்து வளர்ப்புக்கு அழைத்து வந்தவர்கள். தெருவுக்கு மட்டும் இது குல்பாஷ், அதாவது நான், நடத்தும் மெத்தை தையல் வகுப்பு. அதனால் உள்ளே வருகிற எவரும் ஊசி எடுத்தாக வேண்டும் என்பது என் சட்டம். லாரி ஓட்டும் ரஹீம் இரண்டு வருடமாக ஒரே மூலையைத் தைத்துக்கொண்டிருக்கிறான், அதுவும் கோணல். ஒரு வாரம் ஒருத்தி, பிள்ளை ரொட்டியைத் திருடித் தலைமாட்டில் ஒளிக்கிறான் என்று அழுவாள். அடுத்த வாரம், ஒளித்ததில் பாதியை எனக்குத் தந்தான் என்று சொல்லி மறுபடி அழுவாள். ரெண்டுக்கும் தேநீர் ஊற்றுவது நான்தான்.

மோல்திருக்கு அது மூன்றாவது சனிக்கிழமை. கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டைக்குள் கைவிட்டு, மடித்த துவாலையை உருவி மடியில் வைத்தாள்.

"அக்கா, உங்ககிட்ட எட்டாம் மாசத் தலையணை இருக்காமே. எனக்கு அது வேணும். இந்தத் துண்டு இனிமே பத்தாது."

என் முகம் போன போக்கைப் பார்த்து எல்லோரும் தையலில் குனிந்துகொண்டார்கள்.

இருந்தது உண்மைதான். பதிமூன்று வருடத்துக்கு முன் எனக்காக நானே தைத்தது. ஒட்டகக் கம்பளி அடைத்து, தோளுக்கும் இடுப்புக்கும் வார் வைத்து, நான்கு, ஆறு, எட்டு என்று மூன்று மாதத்துக்கு மூன்று அளவு. இங்கே தத்தெடுக்கிற பாதிப்பேர் செய்கிற வேலைதான் அது. வயிறு காட்டுவோம், ஊர் மாறுவோம், பிரசவத்துக்குப் போகிறேன் என்று போய்ப் பிள்ளையோடு திரும்புவோம். என் மாமியார் கண்ணை மூடும்வரை சந்தேகப்படவில்லை. எனக்குப் பிறகு இந்தக் கூட்டத்திலேயே நான்கு பேர் அதைக் கட்டியிருக்கிறார்கள். அப்போதெல்லாம் எனக்கு அதில் பெருமை வேறு.

போன குளிர்காலத்தில் என் மகள் தோமிரிஸ் கையுறை தேடிப் பெட்டியைத் திறந்தாள். "என்னம்மா இது, தலையணைக்குத் தோள்வார்?" என்று கேட்டாள். எனக்குப் பொய்யா வராது? நாக்கு நுனியில் வந்துவிட்டது. ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் அமான்தாய்க்கு முகம் வெளுத்துப்போயிற்று. மகள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சொல்லிவிட்டோம்.

ஒன்பது நாள் அவள் என்னை அம்மா என்று கூப்பிடவில்லை. "குடுங்க", "போதும்" என்று மொட்டையாகப் பேசினாள். பத்தாம் நாள் சாப்பிடும்போது "அம்மா, உப்பு" என்றாள். உப்பு முழுவதையும் அவள் தட்டிலேயே கொட்டிவிட்டேன். அன்றைக்கே மூன்று தலையணையையும் பிரித்து, கம்பளியை உதறி, அவளுக்கு மெத்தை தைத்துவிட்டேன்.

அதற்குப் பிறகு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்பாள். "பெரியப்பாகிட்ட எப்பம்மா சொல்லப்போறீங்க?" அமான்தாயின் அண்ணன் செரிக்போல், ஷிம்கெந்த் நகரத்தில் இருக்கிறார். குடும்பத்துக்குப் பெரியவர். பார்க்கும்போதெல்லாம் அவள் கன்னத்தைக் கிள்ளி "எங்க வம்சத்து மூக்கு" என்பார். "சொல்லலாம்டி, நேரம் வரட்டும்" என்று நானும் ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். ஊருக்கெல்லாம் உண்மை பேசச் சொல்கிற வாய்தான் இது.

"தலையணை இல்ல. தைக்கவும் மாட்டேன்," என்றேன்.

"நீங்க கட்டினீங்கல்ல? நாலு பேரு கட்டினாங்கல்ல? எனக்கு மட்டும் என்ன நியாயம்?" என்று மோல்திர் வெடித்தாள்.

அவள் கதை எங்களுக்குத் தெரியும். அவளுக்கு முப்பத்தெட்டு வயது. மூன்று முறை கரு தங்கவில்லை. நான்காவது போன கோடையில் தங்கியது, மாமியார் ஷாரிபாவுக்குச் சொன்னாள். கிழவி குலான் கிராமத்து வீட்டைப் பூட்டிவிட்டு, மருமகளைப் பார்த்துக்கொள்ள வருகிறேன் என்று மூட்டை கட்டினாள். வந்து சேர்வதற்குள் அதுவும் போய்விட்டது. வாசலில் மூட்டையோடு நிற்கிறவளிடம் எப்படிச் சொல்வது? துவாலையை மடித்துக் கட்டிக்கொண்டாள், புருஷனும் வாய் திறக்கவில்லை. இரண்டு வருடமாகத் தத்துக்குப் பதிந்து வைத்திருந்த இடத்திலிருந்து இப்போது அழைப்பு வந்திருக்கிறது, ஒரு பெண்குழந்தை, பிறந்து இரண்டு வாரம். காகிதம் முடிய இன்னும் ஐந்து வாரம்.

"அத்தை ஒரு வார்த்தை 'வேத்து ரத்தம் வேணாம்'னு சொன்னா, இவரு கோர்ட்டுக்கு வரமாட்டாரு. அவங்க பேச்சை அவரு தாண்டினதே இல்ல. பாப்பா வேற யாருக்கோ போயிரும்க்கா. நான் அவளைத் தூக்கிட்டேன். என் விரலைப் பிடிச்சா."

லூபா த்சோய் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். கொரியக்காரி, நான்கு பையன்களை வளர்க்கிறாள். வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

"சரி, தலையணை கிடைச்சுதுன்னே வச்சுக்குவோம். கொழந்தை வீட்டுக்கு வர்றப்ப ரெண்டு மாசம் ஆயிருக்கும். நேத்துதான் பெத்தேன்னு காட்டுவியா? அது உன் மாமியாரைப் பாத்துப் பளிச்சுன்னு சிரிச்சு வைக்கும். என்ன பதில் சொல்லுவ?"

அதை மோல்திர் யோசித்திருக்கவே இல்லை.

"கொஞ்சம் பெரிய கொழந்தையா பொறந்துருச்சுன்னு..." என்று ரஹீம் உதவிக்கு வந்தான்.

"நீ மூலையைத் தையி," என்றேன்.

அப்போது தேநீர்க் கெண்டியோடு வந்த தோமிரிஸ் மோல்திரின் கோப்பையை நிரப்பிவிட்டு அங்கேயே நின்றாள்.

"சின்னம்மா, அந்தப் பாப்பா ஒருநாள் பெட்டியைத் தொறக்கும். அப்ப தலையணையப் பாத்து அழாது. இவ்வளவு மறைக்கிற மாதிரி நான் என்ன பண்ணிட்டேன்னுதான் அழும்."

என் மகள் என்னைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டாள். ஒன்பது நாளும் அவள் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாளா? என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

மோல்திர் மடியிலிருந்த துவாலையை இன்னும் சின்னதாக மடித்தாள். பிறகு, "தனியா சொல்ல என்னால ஆகாது," என்றாள்.

"தனியா எவ சொல்லச் சொன்னா? நாங்க எதுக்கு இருக்கோம், மெத்தை தைக்கவா? நாளைக்கே வர்றோம்," என்றாள் லூபா.

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு பேரும் போனோம். ஷாரிபா கதவைத் திறந்து எங்களை எண்ணிப் பார்த்தாள். கட்டைகுட்டையான கிழவி, கையில் அடுப்புக்கான கரி வாளி. எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவில்லை. தேநீர்தான் போட்டாள். விரிப்பில் பொரித்த ரொட்டியும் உலர்ந்த ஆப்ரிகாட் பழமும் நிரம்பின. மருமகளை அசையவிடவில்லை.

"நீ உக்காரு, வயித்துப்பிள்ளைக்காரி."

மோல்திர் உட்காரவில்லை. எங்கள் பக்கம் ஒருமுறை பார்த்தாள். நான் தலையசைத்தேன். சட்டைக்குள் கைவிட்டாள், துவாலையை உருவி ரொட்டித் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதான் அத்தை இருந்துச்சு. கொழந்தை இல்ல. அது செப்டம்பர்லயே போயிருச்சு."

கிழவி துவாலையைப் பார்த்தாள். தொட்டாள். பிரித்தாள். அது அவள் வீட்டுத் துவாலைதான்.

"நாலு மாசம்!" என்று ஆரம்பித்தாள். "நாலு மாசமா கரி வாளி தூக்குறேன்! இந்த முட்டியை வச்சிக்கிட்டு! குதிரைக்கறியில நல்ல கொழுப்புத் துண்டெல்லாம் பொறுக்கிப் பொறுக்கி உன் தட்டுல போட்டேன். ஒரு துண்டுத் துணிக்கா போட்டேன்? இதைத் தேடிக்கிட்டு இருந்தேன்டி நான், முகம் தொடைக்க!"

ரஹீமுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இருமி மறைத்தான். கிழவி துவாலையாலேயே மோல்திரின் தோளில் ஒரு போடு போட்டாள். இன்னொன்று ஓங்கியவள் அப்படியே நின்றாள்.

"செப்டம்பர்ல எந்தத் தேதி?"

"பதினேழு."

"பத்தொன்பதாம் தேதி நான் வந்து இறங்கினேன். நீ மாவு பிசைஞ்சு, தேச்சு, கறி வேக வச்சு எனக்குப் போட்டியே."

"ஆமா அத்தை."

"நின்னுக்கிட்டேயா?"

"நின்னுக்கிட்டேதான்."

ஷாரிபா உட்கார்ந்துவிட்டாள். துவாலையை முகத்தில் வைத்து அழுதாள், வாய்விட்டு, கூச்சமில்லாமல். "ரெண்டு நாள் உடம்போட எனக்கு மாவு தேச்சியாடி, பாவி," என்று மருமகளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள். மோல்திர் அந்த மடியிலிருந்தே மீதியைச் சொன்னாள். காப்பகம், பெண்குழந்தை, விரலைப் பிடித்தது, எல்லாம். கடைசியாக, "நீங்க வேணாம்னா வேணாம்," என்றாள்.

"நான் எங்கடி வேணாம்னேன்? எங்க தாத்தாவோட தம்பியே பெத்த பிள்ளை இல்ல, எடுத்த பிள்ளை. ஆட்டை அறுத்து, ஊரைக் கூட்டி, காலெலும்பைக் கையில பிடிக்க வச்சாங்க, பிடிச்சா நம்ம பிள்ளைன்னு அர்த்தம். அந்த எலும்பைச் சாகுறவரைக்கும் வீட்டுல வச்சிருந்தாங்க. அப்ப எவளாவது தலையணை கட்டினாளா? இந்தத் திருட்டுத்தனமெல்லாம் உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். துரோகிகள்.

"நான்தான்மா. தைக்கிறதே நான்தான். இப்ப விட்டுட்டேன்," என்றேன்.

"உனக்குத் தனியா இருக்கு," என்றாள் கிழவி. பிறகு மகனுக்குப் போன் போட்டாள். அவன் எண்ணெய் வயலில் ஷிப்டில் இருந்தான். "கோர்ட்டுக்கு நல்ல சட்டையா போட்டுட்டு வா" என்பதோடு பேச்சை முடித்துக்கொண்டாள்.

ஐந்து வாரம் கழித்து ஷாரிபா ஆடு அறுத்தாள். அக்கம்பக்கம், குலானிலிருந்து உறவு, நாங்கள் பன்னிரண்டு பேர், அமான்தாய், தோமிரிஸ். குழந்தைக்கு இன்ஜு என்று பெயர். லூபா சொன்னபடியே கிழவியைப் பார்த்துப் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தது. வெந்த காலெலும்பைக் கிழவி ஊதி ஊதி ஆற்றினாள். பிஞ்சு விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எலும்பைச் சுற்றி மடக்கி, தன் கையால் பொத்திப் பிடித்தாள்.

"இவ எங்க பிள்ளை. பாத்துக்கிட்டீங்களா?"

"பாத்தோம்!" என்று வீடே அதிரச் சொன்னோம். மோல்திர் அழவே இல்லை. நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள்.

பேச்சும் சாப்பாடும் மறுபடி தொடங்கிய நேரத்தில் தோமிரிஸ் என் முழங்கையைத் தொட்டாள். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா. ஆட்டுக்கு அந்த எலும்பு ரெண்டு இருக்குல்ல?"

இருந்தது. கறிக் குவியலின் ஓரத்தில் இன்னொன்று, யாரும் தொடாமல். ஷாரிபா என்னைப் பார்த்தாள், என் மகளைப் பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் அந்த எலும்பை எடுத்து என் தட்டில் வைத்தாள்.

"போனை எடுங்க. உங்க அண்ணனைக் கூப்பிடுங்க. முகம் தெரியற மாதிரி," என்றேன் அமான்தாயிடம்.

செரிக்போல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திரை நிறைய அவர் மீசை.

"அத்தான்," என்றேன். நடுவில் நிறுத்தினால் அப்புறம் வாய் வராது என்று ஒரே மூச்சில் கொட்டினேன். "தோமிரிஸை நான் பெறல. அன்னைக்கு என் வயித்துல இருந்தது தலையணை. பதிமூணு வருஷமா உங்களுக்கும் அத்தைக்கும் பொய் சொன்னேன். திட்டுறதை எல்லாம் என்னைத் திட்டுங்க. அவளுக்கு ஒரு வருஷமா தெரியும். உங்களுக்குத் தெரியாததுதான் அவளுக்குக் கஷ்டம்."

அவர் மெல்லுவதை நிறுத்தினார். தோமிரிஸ் என் கையைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது.

"அங்க என்ன, ஆடு அறுத்திருக்கா?" என்று கேட்டார்.

"ஆமா அத்தான்."

"காலெலும்பை அவ கையில குடுத்தாச்சா?"

"இன்னும் இல்ல. நம்ம பக்கத்துல சாட்சி வேணும்னுதான் உங்களை..."

"அப்பக் குடு," என்றார்.

இரண்டு கையாலும் கொடுத்தேன். என் மகள் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். நெய்யாக வழிந்த கொழுப்பு அவள் மணிக்கட்டில் ஓடியது, அவள் துடைக்கவில்லை. அமான்தாய் எங்களையே பார்த்துக்கொண்டிருந்ததில் போன் கூரையைக் காட்டிக்கொண்டிருந்தது.

"டேய் அமான்தாய்," என்று உள்ளேயிருந்து அவர் அண்ணன் கத்தினார். "போனை நேராப் பிடிடா! என் பிள்ளை முகம் எனக்குத் தெரியல!"